ஸாமுவேல் பிளிம்ஸால்

துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலின் நடுப்பக்கத்தில் ஒரு வட்டமும், அதனூடே ஒரு குறுக்குக் கோடும், அருகே சில சிறு கோடுகளும் தீட்டப்பட்டிருப்பதை நம்மிற் பலர் கண்டிருக்கலாம். அந்தந்தக் கடலுக்கும் பருவத்திற்கும் உரிய கோடு நீரில் மறையும்படி பாரமேற்றிய கப்பல் கடற்பிரயாணம் செய்யலாகாது. இவ்வடையாளத்திற்குத் தம் பெயரை ஈந்த பிளிம்ஸாலின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1824-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 10-ஆம் தேதி இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரிற் பிறந்தார். இளமையில் ஷெபீல்டு நகரத்து மதுச்சாலையொன்றில் குமாஸ்தாவாக அமர்ந்து, தம் முயற்சியால் அதன் மானேஜரானார். 1853-இல் லண்டன் சென்று நிலக்கரி வியாபாரந் தொடங்கிக் கைப்பொருளனைத்தையும் இழந்தார். வாரத்திற்குச் சில ஷில்லிங்குகளே செலவிட்டு ஏழைகளின் விடுதியில் அவர் தங்கிய அந்நாட்களில், உடனுறைந்த தொழிலாளரின் பொறுமையும், ஒருவர்க்கொருவர் உதவும் பண்பும் அவருள்ளத்தில் ஆழப் பதிந்தன. பின்னர் வியாபாரம் தழைத்துச் செல்வம் பெருகியபோதும் அவர் அவர்களை மறந்தாரல்லர். 1868-இல் டெர்பி நகரின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டிற் புகுந்தார்.

அக்காலத்துக் கப்பல் முதலாளிகளுட் சிலர், பழுதுற்ற பழங்கப்பல்களிலும் அளவுக்கு மிஞ்சிய சரக்கையேற்றி, அவற்றின் மதிப்பினும் மிகுந்த தொகைக்கு இன்ஷியூரன்ஸ் செய்து கடலில் விடுவாராயினர். கப்பல் கரை சேர்ந்தால் கூலி இலாபம். மூழ்கினாலோ இன்ஷியூரன்ஸ் இலாபம். நஷ்டமெல்லாம் மாலுமிக்கும் அவன் மனைவி மக்களுக்குமே. ஒப்பந்தத்திற் கையெழுத்திட்ட மாலுமி, பின்பு கப்பலின் நிலைமையைக் கண்டு அஞ்சிப் புறப்பட மறுத்தால், சிறைத் தண்டனைக்கு உள்ளாவான். இத்தகைய கலங்களைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என ஜனங்கள் அழைத்தனர்.

நியூகாஸில் நகரத்துக் கப்பல் முதலாளியாகிய ஜேம்ஸ் ஹால் என்பவர் இக்கொடுமையை முன்னரே கண்டித்திருந்தார். அவர் தொடங்கிய பணியைப் பிளிம்ஸால் தம்முடையதாக ஏற்று, நமது மாலுமிகள் என்னும் பொருளுடைய நூலொன்றை வெளியிட்டார். தேசமெங்கும் கிளர்ச்சி உண்டாயிற்று. முதலாளிகள் அவர்மீது அவதூறு வழக்குகள் தொடுத்தனர். 1873-இல் அரசாங்கம் விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. 1875 ஜூலை 22-இல் பிரதம மந்திரி டிஸ்ரேலி கப்பல் மசோதாவைக் கைவிடுவதாக அறிவிக்கவே, பிளிம்ஸால் கோபாவேசங் கொண்டு அங்கத்தினர் சிலரைக் கொடியோரெனச் சபையிலேயே இகழ்ந்தார். சபையை விட்டு நீங்கும்படி கட்டளை பிறந்தது. தம் சொற்களுக்காக அவர் பின்னர் மன்னிப்புக் கோரினார். எனினும் அவர் கொண்ட கோபம் நேரியதே என்று பொதுஜனங்கள் கருதினர். அவ்வாண்டே தற்காலிகச் சட்டமொன்றும், 1876-இல் பாரக் கோட்டைக் கட்டாயமாக்கிய சட்டமும் நிறைவேறின.

ஆயினும் அச்சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. கோடு இடவேண்டுமென்றதேயன்றி, எங்கே இடவேண்டுமென்பதை அது முதலாளியின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. ஒருவர் அதனைப் புகைபோக்கியில் தீட்டினாரென்று ஒரு கதையும் வழங்குகிறது. கோட்டின் இடத்தை அரசாங்கமே நிர்ணயிக்கும் சட்டம் 1890-இல்தான் உண்டாயிற்று. 1880-இலேயே பார்லிமெண்டு ஸ்தானத்தைத் துறந்திருந்த பிளிம்ஸால், அதனைக் கண்டு 1898 ஜூன் 3-இல் போக்ஸ்டன் நகரில் காலஞ்சென்றார். 1930-இல் சர்வதேச ஒப்பந்தத்தால் பாரக் கோடு பல தேசங்களுக்கும் பொதுவிதியாயிற்று.

கடலுக்கு ஏற்பட்ட நியாயம் ஆகாயத்திற்கும் ஏற்றதே. 1996 நவம்பர் 12-இல் டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியின்மேல் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். அதன்பின், மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவியை இந்திய விமான அதிகாரிகள் கட்டாயமாக்கினர். கருவியில்லாப் பழைய விமானத்தைத் தடுத்தால் உடையவருக்குச் செலவு நேரும். தடுக்காவிடிற் பிரயாணிக்கு உயிர் போகும். இலாபம் பெறுபவன் கையிலேயே எல்லைக் கோட்டை ஒப்புவித்தல் ஆகாது என்பதே பிளிம்ஸாலின் வாழ்க்கை உணர்த்தும் பாடம். நாளை பொறியியலாளராகவும் அதிகாரிகளாகவும் பதவி வகிக்கப்போகும் மாணவ நேயர்கள் இதனை உள்ளத்திற் கொள்வாராக.