அடா லவ்லேஸ் அம்மையார்

ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவின் மகளாக அடா அம்மையார் 1815ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். பிறந்து சில வாரங்களிற் பெற்றோர் பிரிந்தனர். தந்தையின் முகமறியாது வளர்ந்த மகளுக்கு, கணிதத்திற் பற்றுடைய அன்னையார் அக்கல்வியையே ஊட்டுவித்தார்.

1833இற் சாள்ஸ் பாபேஜ் என்னும் அறிஞரைச் சந்தித்து, அவர் அமைத்த கணிக்கும் பொறியின் ஒரு பகுதியைக் கண்டு வியந்தார். பின்னர், மதுரையிற் பிறந்த ஆங்கிலேயப் பேராசிரியரான டி மோர்கனிடம் உயர்கணிதம் பயின்றார்.

துளையிட்ட அட்டைகளின் ஏவலால் இயங்கவல்ல மற்றொரு பொறியைப் பாபேஜ் வகுத்தார். அதுபற்றி மெனாப்ரியா பிரஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை அம்மையார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்தினும் ஏறக்குறைய மும்மடங்கு நீண்ட குறிப்புகளுடன் 1843இல் வெளியிட்டார். பெர்னூலி எண்களை அப்பொறி கணிக்கும் முறையை 25 படிகளாக வகுத்து, ஒவ்வொரு படியிலும் எந்த மாறி எவ்வாறு மாறுகின்றது என்பதை அட்டவணையாக்கினார். அப்பணிக்கு உதவியாகப் பாபேஜ் செய்தனுப்பிய கணிப்பில் இருந்த பெரும் பிழையை அம்மையாரே கண்டு உணர்த்தினார்.

ஆயினும், அச்சேறிய அட்டவணையின் 4ஆம் படியில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம்மாறி நின்றன. பொறி கட்டிமுடிக்கப்படாமையால் அதனை இயக்கிப் பார்த்தவர் எவருமிலர். கட்டியிருப்பினும் சக்கரங்கள் தடையின்றிச் சுழன்று பிழையான விடையையே தந்திருக்கும். பொறி ஏவியதைச் செய்யும், எண்ணியதை அறியாது.

அம்மையார் 1852 நவம்பர் 27ஆந் திகதி தமது 36ஆம் வயதிற் காலமானார்.

இன்று கணினிக்குச் செய்நிரல் எழுதப் பயிலும் மாணாக்கன் திரையில் ஓர் உருவத்தை ஓடவிட முயல்கின்றான். உருவம் அசையவில்லை, பிழையென்று கணினி ஒரு சொல்லும் கூறவில்லை. அவன் மனந்தளர வேண்டுவதில்லை. அம்மையார் வகுத்தது போன்ற அட்டவணையொன்றை எழுதுக. உருவத்தின் இடத்தைக் குறிக்கும் எண்ணைப் படிதோறும் குறித்து வருக. எண் மாறவில்லையெனின், கூட்டும் படி நடைபெறவில்லை. அல்லது பழைய எண்ணே மீண்டும் மீண்டும் இடப்படுகின்றது. எண் மாறியும் உருவம் அசையாதெனின், குறை வரையும் படியிலேயே உளது. எதிர்பார்த்ததும் நிகழ்ந்ததும் எவ்விடத்து முதலில் வேறுபடுகின்றனவோ, அவ்விடத்திலிருந்தே பிழையைத் தேடுதல் வேண்டும்.

பிறர் பிழையைக் கண்ட கூரிய கண்ணுக்கும் தன் அட்டவணையின் பிழை தப்பியது. ஆதலின், எழுதியதை நம்பி அமையாது, படிதோறும் சரிபார்த்தலை மாணாக்கர் பழகுவாராக.