போர்முனையில் கண்ட விடை

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலே, 1873-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், ஒரு யூதக் குடும்பத்தில் தோன்றியவர் கார்ல் ஷ்வார்ஸ்சில்டு. இரட்டை விண்மீன்களின் பாதை பற்றி அவர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டபோது வயது பதினாறு, பள்ளி மாணவர்! 1901-இல் கோட்டிங்கனிலும், 1909-இல் போட்ஸ்டாமிலும் வானாய்வுக் கூடங்களின் தலைமை அவரைத் தேடி வந்தது. விண்வெளியே வளைந்திருக்கக் கூடுமோ என 1900-இலேயே ஆராய்ந்தவரும் அவரே.

1914-இல் பெரும்போர் மூண்டது. நாற்பது வயதைக் கடந்தவர், மனைவி மக்களை உடையவர். எனினும் தாமே முன்வந்து படையிற் சேர்ந்தார். இத்தகைய அறிஞரைப் போர்க்களம் விழுங்கலாமா என்று நம் மனம் பதைக்கிறது. பெல்ஜியம், பிரான்ஸ், பின்னர் ருஷ்ய முனை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் சமன்பாடுகளை வெளியிட்டார். புதன் கோளுக்கு அவர் கண்டிருந்தது தோராயமான விடையே. அடுத்த மாதம் முடியுமுன், போர்முனையிலிருந்த ஷ்வார்ஸ்சில்டு துல்லியமான விடையைக் கண்டு கடிதத்தில் அனுப்பினார். 1916 ஜனவரியில் ஐன்ஸ்டைனே அதனைப் பிரஷ்ய அறிவியற் கழகத்தில் சமர்ப்பித்தார். அதற்குள், உடலெங்கும் கொப்புளம் எழும் கொடிய தோல்நோய் அவரைப் பற்றிக்கொண்டது. மே 11-இல், 42-ஆம் வயதில், உயிர் நீத்தார். தந்தையை இழந்தபோது நான்கு வயதும் நிரம்பாத மகன் மார்ட்டின், பிற்காலத்தில் அமெரிக்காவில் புகழ்பெற்ற வானியலறிஞரானார்.

அவ்விடையில் ஓர் எல்லை இருந்தது. சூரியனை 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் நெருக்கினால் ஒளியும் வெளியேறாது. இன்று நாம் கருந்துளை என்பது இதுவே. அவரோ இயற்கையில் அப்படியொன்று இருக்குமென எண்ணவில்லை. அவர் பெயருக்கே ஜெர்மன் மொழியில் கருங்கேடயம் என்று பொருள், விந்தைதான்!

நம் பால்வெளியின் நடுவே சுமார் 40 லட்சம் சூரியன்களின் எடையுள்ள கருந்துளை இருக்கிறது. 2019-இல் படம் வெளியான எம் 87 மண்டலத்தின் கருந்துளைக்கோ 650 கோடி சூரியன்களின் எடை. வாயுவை விழுங்கியும், ஒன்றோடொன்று இணைந்தும் இவை வளர்கின்றன. விழும் வாயு கொதித்து ஒளிர்கிறது. அவ்வேகத்தில் சுற்றியுள்ள வாயு வெளியே தள்ளப்பட, புதிய விண்மீன்கள் பிறப்பது குன்றுகிறது. ஆதலால் மண்டலத்தின் வளர்ச்சியும் நடுவிலுள்ள கருந்துளையின் வளர்ச்சியும் பிணைந்தவை என்பர். ஆனால், 2021-இல் ஏவப்பட்ட வெப் தொலைநோக்கி, அண்டம் 100 கோடி வயதை எட்டுமுன்பே, தம் மண்டலத்துக்குப் பொருந்தாத பெரும் எடையுடன் கருந்துளைகள் இருந்ததைக் காட்டியுள்ளது. அவ்வளவு விரைவில் அவை எங்ஙனம் பருத்தன, மண்டலத்துக்கு முன்னரே பிறந்தனவா என்று அறிஞர் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர்.