துருவேறிய திருகாணி

கீரனூரில் எங்க வீட்டிலிருந்து படிக்க வந்த முதல் ஆள் நான். லேப் மைக்ராஸ்கோப்பில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயாப்ரம் இறுகிப்போனதும், இதை வச்சு என்ன பார்க்க முடியும் என்று சலித்துக்கொண்டேன். பிறகுதான் ரொனால்ட் ராஸைப் பற்றிப் படித்தேன்.

1857-ல் அல்மோராவில் பிறந்தவர். கவிதை, இசை என்றிருந்தவரை மருத்துவம் படிக்க வைத்தது அப்பா. 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து நம்ம சென்னையிலும் வேலை பார்த்தார். 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் புழுக்கமோ புழுக்கம். அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்று பங்காவை இழுக்கவிடவில்லை. வியர்வை பட்டே மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருவேறின. கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்றே மிச்சம்; அதிலும் விரிசல். அதை வைத்துத்தான் 20-ம் தேதி கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த மாதமே மலேரியா அதிகமில்லாத ராஜபுதனத்துக்கு மாற்றல்! (அநியாயம்தானே?) 1898-ல் கல்கத்தாவில் பறவைகளை வைத்து மீதியை முடித்தார். 1902-ல் நோபல் பரிசு, 1932-ல் மறைவு.

மறுநாள் சாரிடம் கேட்டு டயாப்ரத்தைக் கழற்றினேன். மெல்லிய தகடுகளுக்கு நடுவே பழைய கிரீஸ் காய்ந்து கிடந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் விடாமலே பூட்டினேன்; விட்டால் தகடுகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். முளைகளைக் குழியில் உட்கார வைக்க மூன்று மணி நேரம். நெம்புகோலைத் தள்ளியதும் வெளிச்ச வட்டம் சுருங்கியது.