எல்லாப்பிரகட சுப்பாராவ்: ஃபோலிக் அமில மாத்திரைக்குப் பின்னுள்ள வாழ்க்கை

நீங்கள் சேலம் அல்லது நாமக்கல் மாவட்டத்தில் வாழும் கருவுற்ற தாயாகவோ, அவரைப் பேணும் உறவினராகவோ இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழங்கப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை உங்களுக்குப் புதிதன்று. நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்றாக, குறைந்தது 180 நாட்களுக்கு அதனை உட்கொள்ள வேண்டும். குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுத்தல் ஆகியவற்றைக் கண்டு அஞ்சி இடையில் நிறுத்திவிடுவோர் பலர். அம்மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலம் உருவானதற்குப் பின்னால், சென்னையில் மருத்துவம் கற்ற ஒருவரின் வாழ்க்கை உள்ளது. அதனை நீங்கள் அறிந்துகொள்வது நன்று.

சென்னையில் கற்ற காலம்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் பீமவரத்தில் எளிய தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் அவ்வூரும் சேலமும் சென்னை மாகாணத்திலேயே அடங்கியிருந்தன. பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னையில் வென்றார். மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தது அறுவை மருத்துவப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுமையான மருத்துவப் பட்டத்திற்கு மாறாக, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது.

இதனினும் பெரிய இழப்பு அவர் வீட்டில் நேர்ந்தது. வெப்பமண்டல ஸ்புரூ என்னும் குடல் நோய்க்கு அவருடைய சகோதரர் இருவர் சில நாட்கள் இடைவெளியில் பலியாயினர். இந்நோயில் ஓயாத வயிற்றுப்போக்கு உண்டாகும். உண்ட உணவின் சத்து உடலில் சேராது. இரத்தம் குன்றி, உடல் மெலியும். அந்நாளில் அதற்குத் தக்க மருந்து இல்லை. சுப்பாராவையும் அந்நோய் தாக்கியது. சென்னை ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் பிழைத்தார். பின்னர் ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் கற்பித்தார். நோயின் காரணத்தை அறியாமல் மருந்தைக் காண இயலாது என்ற எண்ணம் அவரைக் கடல் கடந்து செல்லத் தூண்டியது.

பாஸ்டனில் ஆராய்ச்சி மாணவர்

நன்கொடையாகவும் உறவினர் உதவியாகவும் திரட்டிய பணத்தோடு அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1924இல் பட்டயம் பெற்றார். வாழ்க்கைச் செலவுக்காக மருத்துவமனையில் இரவுப் பணியாளராக இருந்து, நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவினார்.

அடுத்து உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க்கிடம் ஆராய்ச்சி மாணவரானார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் எளிய நிறமுறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை எனப் பெயர்பெற்ற அது, பல பத்தாண்டுகள் உலக ஆய்வகங்களில் பயன்பட்டது. சிறுநீரக நோயாளிகளின் பரிசோதனை அறிக்கையில் நீங்கள் காணும் பாஸ்பரஸ் அளவின் வரலாற்றில் அம்முறைக்குத் தனி இடம் உண்டு. தசை இயங்கத் தேவையான ஆற்றலைச் சேமித்து வழங்கும் பொருள்களையும் அவர்கள் பிரித்தறிந்தனர். 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

பம்பாய்ப் பெண்களிடமிருந்து கிடைத்த குறிப்பு

ஃபோலிக் அமிலத்தின் கதை ஆய்வகத்தில் தொடங்கியதன்று. ஏழைப் பெண்களின் உணவை உற்று நோக்கியதில் தொடங்கியது. பம்பாயில் கருவுற்ற பெண்களைக் கொடிய இரத்தசோகை தாக்குவது ஏன் என்று ஆராய, 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இந்தியாவுக்கு வந்தார். எவருக்கு நோய் வருகிறது, எவருக்கு வரவில்லை, அவர்கள் உண்பது என்ன என்று ஒப்பிட்டார். வறுமையும் சத்துக்குறைந்த உணவும் காரணம் எனத் தெரிந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்தபோது நோய் தணிந்ததை 1931இல் அறிவித்தார். அச்சாற்றில் இருந்த சத்து எது என்று மட்டும் அப்போது புலப்படவில்லை. நோய்ப்பரவலியல் என்னும் துறை இவ்வாறே இயங்குகிறது: மருந்து தெரியுமுன்பே, காரணம் இருக்கும் திசையை அது காட்டிவிடுகிறது.

அச்சத்தே ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் வழிகாட்டலில் இயங்கிய குழு அதனைப் பிரித்தெடுத்து, 1945இல் செயற்கையாகவும் உருவாக்கியது. இதன் பயனாக அதனைப் பெருமளவில் மாத்திரையாக்க வழி பிறந்தது.

ஒரே ஆய்வகம், பல மருந்துகள்

ஃபோலிக் அமிலத்தைப் போன்று அமைந்து அதன் வேலையைத் தடுக்கும் சேர்மங்களையும் அக்குழு ஆக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டு, சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளின் நோயைத் தற்காலிகமாகத் தணித்தார். அதனை 1948இல் வெளியிட்டார். இன்று வழங்கும் மெத்தோட்ரெக்சேட் அவ்வகையைச் சேர்ந்தது. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசினும், டெட்ராசைக்ளின் வகையில் முதலாவதான ஆரியோமைசினும் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வகத்திலிருந்தே வந்தன. ஆரியோமைசினைக் கண்டறிந்தவர் பெஞ்சமின் டக்கர்.

வெப்பமண்டல ஸ்புரூவுக்கு இன்று மருத்துவர்கள் தரும் மருந்துகள் ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் ஆகும். சகோதரர் இருவரைக் கொண்டுபோன நோய்க்குரிய இரு மருந்துகளின் பிறப்பிலும் அவருக்குப் பங்கு அமைந்தது. பெருமையைச் சக ஆய்வாளர்களுக்கு விட்டுக்கொடுத்த அவர், தாயகம் திரும்பாமலே 1948 ஆகஸ்டில் தம் 53ஆம் வயதில் காலமானார். 1995இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

• கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. ஆகவே குழந்தைப்பேற்றைத் திட்டமிடும்போதே, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுப்பது குறித்து மருத்துவரைக் கேளுங்கள்.

• இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பே. குமட்டல் இருந்தால் உணவுக்குப் பின் உட்கொள்ளுங்கள். தேநீர், காப்பியுடன் சேர்த்து எடுக்காதீர்கள். தொல்லை நீடித்தால் நீங்களாக நிறுத்தாமல் செவிலியரிடம் கூறுங்கள்.

• கீரை, பருப்பு, தட்டைப்பயறு, நிலக்கடலை, முட்டை ஆகியவற்றில் ஃபோலேட் உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் அச்சத்து வீணாகும்.

• முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் பெறுவோர் அதனை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கருவுற்றோரும் கருவுறத் திட்டமிடுவோரும் அதனைத் தவிர்க்க வேண்டும். உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

• களைப்பு, மூச்சிரைப்பு, வெளிறிய கண்ணிமை ஆகியன தோன்றினால், அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வைட்டமின் பி12 குறைவாலும் இதே போன்ற இரத்தசோகை வரலாம். காரணம் அறியாமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் தொடர்ந்து எடுப்பது அக்குறையை மறைத்துவிடும்.