ஒசாமு தெசுகா: சித்திரத்துக்கு உயிரூட்டிய மருத்துவர்

சென்னை அசோக் நகரின் அடையாளம், நான்கு சிங்கங்களைத் தாங்கி நிற்கும் தூண். நாள்தோறும் அதனைக் கடந்து பள்ளி செல்லும் மாணவரிடையே, தமிழ்க்குரலில் ஒலிக்கும் ஜப்பானிய ‘அனிமே’ தொடர்களை விரும்பிக் காண்போர் உண்டு. வாரந்தோறும் அரைமணி நேரம் என்னும் அத்தொடர்முறைக்கு வழிவகுத்தவர் ஒசாமு தெசுகா. அசோகர் போற்றிய புத்தரின் வாழ்வை 1972 முதல் 1983 வரை சித்திரக்கதையாக வரைந்தவரும் அவரே.

தெசுகா, 1928 நவம்பர் 3ஆம் நாள் ஜப்பானின் ஒசாகா மாநிலத்தில் பிறந்தார்; தக்கராசுகா நகரில் வளர்ந்தார். வீட்டில் தந்தையின் சிறிய படவீழ்த்தி இருந்தது. அதில் ஓடிய டிஸ்னி படங்கள் சிறுவனின் மனத்தைக் கவர்ந்தன. பூச்சிகள்மீது கொண்ட பற்றினால், தம் பெயரை எழுதும்போது ‘பூச்சி’யைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்துக்கொண்டார்.

போர்க்காலத்தில் மாணவர்களும் தொழிற்சாலைப் பணிக்கு அனுப்பப்பட்டனர். 1945 ஏப்ரலில், ஒசாகா திரையரங்கொன்றில் கடற்படைக்காக எடுக்கப்பட்ட அசைவூட்டப்படம் ஒன்றைக் கண்டு அவர் கண்கலங்கினார். அது போர்ப் பரப்புரைப் படமே. ஆயினும், தாமும் ஒருநாள் அத்தகைய படம் உருவாக்கவேண்டும் என்ற உறுதி அங்கே பிறந்தது. ஜூன் மாதக் குண்டுவீச்சில் அவர் உயிர்தப்பினார். எரிந்த நகரின் காட்சி, பிற்காலப் படைப்புகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது.

ஒசாகா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றுகொண்டே சித்திரக்கதைகள் வரைந்தார். எத்தொழிலைத் தேர்வது எனத் தயங்கியபோது, மனம் விரும்புவதையே செய்யுமாறு தாய் கூறினார். மருத்துவராகத் தகுதி பெற்றும் அவர் மருத்துவமனை நடத்தவில்லை. 1952இல் ‘அணு’ என்று பொருள்படும் ‘ஆட்டம்’ என்னும் இயந்திரச் சிறுவனின் கதையைத் தொடங்கினார். விபத்தில் மகனை இழந்த அறிவியலாளர் அச்சிறுவனை உருவாக்குகிறார். அவன் வளரவில்லை என்பதற்காக அவனை விற்றும்விடுகிறார். குழந்தைகளுக்கான கதையில் இத்துணைத் துயரத்தை வைக்க அவர் தயங்கவில்லை.

1962இல் தெசுகாவின் அசைவூட்ட நிறுவனம் ‘மூசி புரொடக்‌ஷன்’ என்னும் பெயர் பெற்றது. ‘மூசி’ என்றால் பூச்சி! 1963 ஜனவரி 1 அன்று, ‘ஆட்டம்’ தொடர் தொலைக்காட்சியில் கருப்பு வெள்ளையில் ஒளிபரப்பாயிற்று. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு சட்டங்களுக்கு வைத்தாலும், நொடிக்குப் பன்னிரண்டு ஓவியங்கள் வேண்டும். ஒரு வாரத்தில் அத்தனையும் வரைய இயலுமா? தெசுகா ஓர் ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நீட்டித்தார். பேசும்போது வாயை மட்டும் அசையச்செய்தார். பறத்தல், ஓடுதல் போன்ற காட்சிகளைச் சேமித்துவைத்து வேறு கதைப்பகுதிகளிலும் பயன்படுத்தினார். அசைவு குறைந்த இடத்தைக் கதையின் விறுவிறுப்பு ஈடுசெய்தது.

நாடெங்கும் சிறுவர்கள் அத்தொடரைக் கொண்டாடினர். விளம்பரதாரரின் சாக்லேட்டுடன் வந்த ‘ஆட்டம்’ ஒட்டுப்படங்களுக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்னும் பெயரில் அது ஒளிபரப்பாயிற்று. ஜப்பானில் 1966 இறுதிவரை 193 பகுதிகள் வெளிவந்தன.

இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. வாய்ப்பைப் பெறுவதற்காகத் தெசுகா தம் தொடரைச் செலவினும் குறைந்த விலைக்குக் கொடுத்தார். சித்திரக்கதை வருவாயும் பொருள் உரிமைத்தொகையும் அப்பள்ளத்தை நிரப்பின. அத்தகைய வருவாய் இல்லாத பிற நிறுவனங்களோ, குறைந்த விலையையே அளவுகோலாக ஏற்கவேண்டியதாயிற்று. அசைவூட்டக் கலைஞரின் குறைந்த ஊதியத்திற்கு அதுவே தொடக்கம் என்று புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாகி பின்னாளில் குறைகூறினார். அக்குறைகூறலைப் புறந்தள்ள இயலாது. எனினும், அன்று அவர் துணியாதிருந்தால் வாராந்தரத் தொடர் அத்துணை விரைவில் பிறந்திருக்குமா என்பதும் எண்ணத்தக்கது.

1973இல் மூசி புரொடக்‌ஷன் திவாலாயிற்று. தெசுகாவின் காலம் முடிந்தது என்று பலர் கருதிய அதே ஆண்டில், உரிமமற்ற அறுவை மருத்துவர் ஒருவரின் கதையான ‘பிளாக் ஜாக்’கைத் தொடங்கினார். தாம் கைவிட்ட மருத்துவம் அவருக்கு மீண்டும் கைகொடுத்தது.

ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பக்கங்கள் வரைந்த அவர், இரைப்பைப் புற்றுநோயால் நலிந்த நிலையிலும் மருத்துவமனைப் படுக்கையில் வரைந்துகொண்டிருந்தார். 1989 பிப்ரவரி 9 அன்று அறுபதாம் வயதில் மறைந்தார். பல ஆண்டுகளாக வரைந்துவந்த ‘ஃபீனிக்ஸ்’ பறவையின் கதை நிறைவுபெறாமலே நின்றது.