ஏழைகளின் மருந்துச் செலவை ஏற்ற ஸுல்தான்

ஏழையின் வைத்தியச் செலவு அரசாங்கத்தின் பொறுப்பா, அல்லது அதைத் தனவந்தர்களின் தர்ம சிந்தைக்கே விட்டுவிடலாமா என்ற விவாதம் உலகில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. இதில் வாதங்களைக் காட்டிலும் ஒரு மனிதரின் வாழ்க்கை அதிகத் தெளிவைத் தரும் என்று கருதி, ஷாம் தேசத்து ஸுல்தான் நூருத்தீன் மஹ்மூது ஸங்கி (ரஹ்) அவர்களின் வரலாற்றிலிருந்து சிலவற்றை இங்கு தருகிறோம். ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் இல்லை. அவர்களை ஆளாக்கிய இந்த ஸுல்தானை அறிந்தவர்களோ மிகக் குறைவு.

நூருத்தீன் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 511-ல் (கி.பி. 1118) பிறந்தார்கள். தந்தை இமாதுத்தீன் ஸங்கி 1146-ல் ஒரு கோட்டை முற்றுகையின்போது தம் ஊழியனாலேயே கொல்லப்பட, ஹலப் நகரின் ஆட்சி மகனிடம் வந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1154-ல், திமிஷ்க் நகரமும் அவர்கள் வசமாயிற்று. சிலுவைப் போர்களில் அவர்கள் ஈட்டிய வெற்றிகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நாம் எடுத்துக்கொண்டது வேறு விஷயம்.

திமிஷ்கில் அவர்கள் ஒரு வைத்தியசாலையைக் கட்டினார்கள். நோயாளிகளின் இடம் என்னும் பொருளில் பீமாரிஸ்தான் என்று அக்காலத்தில் அழைப்பார்கள். போரில் சிறைப்பட்ட பிராங்கியப் பிரபு ஒருவரை விடுவிப்பதற்காகப் பெற்ற பெருந்தொகையைக் கொண்டே இதைக் கட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கட்டடம் எழுப்புவது பெரிதல்ல. நாள்தோறும் அதை நடத்துவதே பெரிது. ஆகவே அதற்கென்று வருமானமுள்ள சொத்துக்களை வக்ஃபு செய்தார்கள். ஸுல்தான் மாறினாலும், தர்மப் பிரபு மனம் மாறினாலும், நோயாளியின் கஷாயம் நிற்காமலிருக்க இதுவே வழி. பைத்துல்மாலுக்குரிய நிலங்களையே இவ்வாறு பொது நன்மைக்கு ஒதுக்கிவைக்க ஆட்சியாளருக்கு அனுமதி உண்டு என்று, அக்காலத்து ஷாஃபிஈ மேதை இப்னு அபீ அஸ்ரூன் (ரஹ்) அவர்கள் ஃபத்வா கொடுத்ததாக ஃபிக்ஹு நூல்களில் காண்கிறோம்.

வைத்தியசாலையின் பொறுப்பு அபுல் மஜ்து இப்னு அபில் ஹகம் என்ற வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்து வருவார். அவர் எழுதும் மருந்தும் உணவும் தாமதமின்றிக் கொடுக்கப்படும். பிறகே கோட்டைக்குச் சென்று பிரமுகர்களைப் பார்ப்பார். ஏழைகள் முதலில், பிரமுகர்கள் பிறகு! திரும்பி வந்ததும் ஸுல்தான் வக்ஃபு செய்த மருத்துவ நூல்களை வைத்துக்கொண்டு மாணவர்களுக்குப் பாடம் நடக்கும்.

ஸுல்தானின் வபாத்துக்குப் பத்தாண்டுகளுக்குப் பின், 1184-ல், ஸ்பெயினிலிருந்து வந்த யாத்ரிகர் இப்னு ஜுபைர் இந்த வைத்தியசாலையைப் பார்த்தார். நோயாளிகளின் பெயர்களும், ஒவ்வொருவருக்கும் ஆகும் மருந்து, உணவுச் செலவும் பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்தன. நாளொன்றுக்குச் சுமார் 15 தீனார் செலவு என்று குறித்திருக்கிறார்.

இந்தத் தொகையை இன்னொரு தொகையோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஸுல்தானின் மனைவியார் வீட்டுச் செலவுக்குப் போதவில்லை என்று ஒருமுறை முறையிட்டார்கள். ஸுல்தான் ஹிம்ஸ் நகரில் தமக்குச் சொந்தமான மூன்று கடைகளை அவர்களுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 20 தீனார்தான். அதுவும் குறைவு என்றபோது, தம்மிடம் வேறு எதுவுமில்லை என்றும், கையிலுள்ள மற்றவை எல்லாம் முஸ்லிம்களின் பொருள், அதற்குத் தாம் காவலர் மட்டுமே என்றும் கூறிவிட்டார்கள். இச்செய்தியை இப்னுல் அஸீர் பதிவு செய்திருக்கிறார். அரசிக்கு ஆண்டுக்கு 20. நோயாளிகளுக்கு நாளுக்கு 15!

கஜானாவில் பணம் நிறைந்திருந்தால் யாரும் கொடுப்பார்களே என்று சிலர் கேட்கலாம். 1163-ல் ஹிஸ்னுல் அக்ராது கோட்டை அருகே ஸுல்தானின் படை பெருந்தோல்வி கண்டது. குதிரையும் ஆயுதமும் இழந்த வீரர்களுக்கு ஈடு கட்டவேண்டியிருந்தது. அப்போது, ஆலிம்களுக்கும் ஏழைகளுக்கும் காரீகளுக்கும் வழங்கிவரும் தொகைகளை நிறுத்திப் படைக்குத் திருப்பலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஸுல்தானுக்குக் கடுங்கோபம் வந்தது. அவர்களுடைய துஆக்களைக் கொண்டே தமக்கு வெற்றி கிடைக்கிறது என்றும், பைத்துல்மாலில் அவர்களுக்குப் பங்கு உண்டு, அதை எடுத்து வேறொருவருக்குக் கொடுப்பது எப்படி என்றும் மறுத்துவிட்டார்கள். பங்கு என்ற அந்தச் சொல்லை நாம் கவனிக்க வேண்டும். பிச்சை வேறு, பங்கு வேறு. ஏழையின் வைத்தியத்தை அரசு ஏற்க வேண்டும் என்று நாம் கருதுவது இதை வைத்துத்தான்.

ஆனால் அரசு ஏற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. நூறு ஆண்டுகள் கழித்து திமிஷ்கில் வாழ்ந்த அபூஷாமா (ரஹ்) அவர்கள் ஒரு வேதனையை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வக்ஃபு பணக்காரர், ஏழை எல்லோருக்கும் பொதுவானது என்று ஊரில் பேச்சு. அவர்களோ வக்ஃபுப் பத்திரத்தையே எடுத்துப் படித்தார்கள். அதில் அப்படி இல்லை. கிடைத்தற்கரிய மருந்துகளை மட்டும், தேவைப்பட்டு வருபவர் செல்வந்தரானாலும் மறுக்க வேண்டாம் என்றிருந்தது. வசதியுள்ளவர்கள் ஏழைகளை நெருக்கித் தள்ளுவதற்கே அந்தப் பேச்சு உதவியது. எந்த இலவச வைத்தியசாலைக்கும் வரும் நோய் இதுதான் போலும்!

ஏமாற்றி வந்தவர்களும் உண்டு. ஹிஜ்ரி 831-ல் பாரசீகர் ஒருவர் அங்கு கிடைக்கும் உணவின் சுவைக்காகவே நோயாளியாக நடித்துப் படுத்துக்கொண்டார். நாடி பார்த்த வைத்தியருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோழியும் இனிப்பும் பழமும் தாராளமாகக் கொடுக்கச் செய்தார். மூன்று நாட்கள் கழிந்ததும், விருந்து மூன்று நாளோடு முடிகிறது என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார். இப்படி ஒருவர் வந்ததற்காக வைத்தியசாலையை மூடிவிடவில்லை.

ஹிஜ்ரி 569 ஷவ்வாலில் ஸுல்தானுக்குத் தொண்டையில் நோய் கண்டது. இரத்தம் எடுக்க வேண்டும் என்றார் வைத்தியர். இந்த வயதில் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். பிறை 11-ல் (15-5-1174) திமிஷ்க் கோட்டையில் வபாத்தானார்கள். அவர்களின் வைத்தியசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை நடந்துவந்தது. நுரையீரல் வழியாக இரத்தம் செல்வதை எடுத்துரைத்த இப்னுந் நபீஸ் அங்கு பயின்றவரே. 1978 முதல் அக்கட்டடம் அரபு மருத்துவ, விஞ்ஞானப் பொருட்காட்சிசாலையாக இருந்துவருகிறது.