தள்ளிப்போடப்பட்ட கனவுகளின் கவிஞர்

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1951-இல் வெளியிட்ட தொகுப்பில் 'ஹார்லெம்' என்றொரு கவிதை உண்டு. மொத்தம் 11 வரிகள். ஏறத்தாழ முழுவதும் கேள்விகள். தள்ளிப்போடப்பட்ட கனவின் கதி என்ன என்பதே அக்கேள்விகளின் சாரம். கனவு மறுக்கப்பட்டது என்று அவர் எழுதவில்லை, தள்ளிப்போடப்பட்டது என்றே எழுதினார். அந்தச் சொல்லை அவர் ஏன் தேர்ந்தார் என்ற வினாவுடன்தான் அவருடைய வாழ்க்கையை நான் படித்தேன்.

ஹியூஸ் மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1902 என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1901 என்பதைப் பழைய நாளிதழ்ச் செய்திகள் பின்னாளில் உணர்த்தின. தந்தை நிறப்பாகுபாட்டைப் பொறுக்க இயலாமல் மெக்சிகோவில் குடியேறினார். தாய் வேலை தேடி ஊர் ஊராக அலைந்தார். சிறுவன் வளர்ந்தது கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், பாட்டி மேரி லாங்ஸ்டனின் வறுமை மிகுந்த வீட்டில். அப்பாட்டியின் முதல் கணவர், அடிமைமுறைக்கு எதிராக 1859-இல் ஜான் பிரௌன் நடத்திய ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி தாக்குதலில் உயிர்நீத்தவர். விடுதலைக்காக உயிர்கொடுத்தவரின் வீட்டில், விடுதலை சட்டமாகி அரை நூற்றாண்டு ஆகியும் சமத்துவம் எட்டவில்லை. காத்திருத்தல் என்பதை ஹியூஸ் முதலில் கற்றது அங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

1920-இல் தந்தையைக் காண மெக்சிகோவுக்கு ரயிலில் செல்கையில், மிசிசிப்பி நதியைக் கடக்கும்போது தம் இனத்தின் தொன்மையை நதிகளோடு இணைத்து ஒரு கவிதை எழுதினார். மறு ஆண்டு 'தி கிரைசிஸ்' இதழில் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 20. தந்தையின் பணத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், அங்கு நிலவிய நிறவேற்றுமையால் மனம் ஒட்டாமல் ஓராண்டில் வெளியேறினார். பின்னர் சரக்குக் கப்பலில் ஊழியராக மேற்கு ஆப்பிரிக்கா சென்றார். பாரிஸில் இரவு விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தார்.

1925-இன் இறுதியில் வாஷிங்டன் விடுதி ஒன்றில் மேசைகளைச் சுத்தம் செய்யும் பணியாளராக இருந்தார். அங்கு உணவருந்த வந்த கவிஞர் வேச்சல் லின்ட்சேயின் தட்டருகே தம் கவிதைகள் மூன்றை வைத்துவிட்டு நகர்ந்தார். அன்றிரவே லின்ட்சே அவற்றை மேடையில் வாசித்தார். எச்சில் தட்டு எடுக்கும் கறுப்பினக் கவிஞர் 'கண்டுபிடிக்கப்பட்டார்' என்று நாளிதழ்கள் வியந்தன. உண்மையில் அதற்கு முன்பே அவர் கவிதைப் பரிசு வென்றிருந்தார். முதல் தொகுப்பான 'தி வியரி புளூஸ்' அச்சேறத் தயாராக இருந்தது. கறுப்பின வாசகர்கள் நான்காண்டுகளுக்கு மேலாக அறிந்திருந்த ஒருவரை வெள்ளையர் உலகம் தாமதமாகப் பார்த்தது. அந்தத் தாமதத்துக்குக் கண்டுபிடிப்பு என்று பெயரும் சூட்டியது.

கறுப்பினத்தாரில் கற்ற மேல்தட்டினரும் அவரை எளிதில் ஏற்றுவிடவில்லை. 1927-இல் வந்த இரண்டாம் தொகுப்பில் சலவைக்காரர்களும் சுமை தூக்குவோரும் சூதாடிகளும் தங்கள் மொழியிலேயே பேசினர். இனத்தின் மானத்தைக் கெடுப்பதாகக் கறுப்பின நாளிதழ்கள் சில அவரைச் சாடின. வெள்ளையருக்கு நல்லபெயர் காட்டினால் உரிமை வந்துசேரும் என்று நம்பியோரின் சினம் அது. உரிமைக்குத் தகுதிச் சான்று கேட்பதும் தள்ளிப்போடலின் ஒரு வடிவமே என்பதை ஹியூஸ் உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. புளூஸ், ஜாஸ் இசையின் தாளத்தில் எளிய மக்களை எழுதுவதை அவர் கைவிடவேயில்லை.

ஒரு நாடகத்துக்குப் பாடல் எழுதிய வருவாயில், தம் நாற்பதுகளில், ஹார்லெமின் 127-ஆவது தெருவில் அவருக்குச் சொந்த வீடு அமைந்தது. அந்தத் தெருக்களின் பொருளாதாரத்தை அறியாமல் 1951-ஆம் ஆண்டுக் கவிதை விளங்காது. தென் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர் நகரின் பிற பகுதிகளில் குடியேற முடியாமல் ஹார்லெமில் நெருக்கப்பட்டனர். குறைந்த வசதிக்குக் கூடுதல் வாடகை கொடுத்தனர். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பினத்தவருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. அதை நீதிமன்றங்கள் அமலாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல்தான் தீர்ப்பளித்தது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை அரசு நிறுவனமே வரைபடத்தில் சிவப்பு வண்ணமிட்டு, கடன் கொடுக்கத் தகாதவை என்று குறித்தது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய கறுப்பின வீரர்களுள் பெரும்பாலோருக்கு, சட்டம் அளித்த வீட்டுக்கடன் சலுகை ஏட்டளவில் நின்றது. இவர்களில் எவரிடமும் உனக்கு உரிமை இல்லை என்று அரசமைப்புச் சட்டம் கூறவில்லை. உரிமை உண்டு, இப்போதல்ல என்பதே ஒவ்வொரு சாளரத்திலும் கிடைத்த விடை.

ஹியூஸ் ஏன் அச்சொல்லைத் தேர்ந்தார் என்பது இங்கே எனக்குத் துலங்குகிறது. மறுப்பை எதிர்த்துப் போராடலாம். தள்ளிப்போடுதலோ பாதிக்கப்பட்டவனிடமே பொறுமையைக் கேட்கிறது. பொறுமை இழந்தால் குற்றத்தையும் அவன் மீதே சுமத்துகிறது.

அந்த நெருக்கடி கவிஞரையும் விடவில்லை. 1930-களில் அவர் எழுதிய இடதுசாரிக் கவிதைகளுக்காக 1953-இல் செனட்டர் மெக்கார்த்தியின் விசாரணைக் குழு அவரை அழைத்தது. தோழர்கள் எவரையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் தம் பழைய நிலைப்பாட்டிலிருந்து விலகி நின்றார். அடுத்த ஆண்டு, புகழ்பெற்ற கறுப்பின அமெரிக்கர்களைப் பற்றி இளையோருக்காக எழுதிய நூலில், தாம் வணங்கிய டு பாய்ஸின் வரலாற்றைச் சேர்க்கவில்லை. 1959-இல் வெளிவந்த தேர்ந்தெடுத்த கவிதைகளில் அவருடைய தீவிர அரசியல் கவிதைகள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. பிழைத்திருப்பதற்காகத் தம் குரலின் ஒரு பகுதியை அவரே ஒத்திவைத்தார். நண்பர்கள் சிலர் இதை மன்னிக்கவில்லை. நான் இதை அவருடைய கோழைத்தனமாகக் காணவில்லை. அச்சம் ஒரு சமூகத்தில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதற்கான அளவுகோலாகவே காண்கிறேன்.

கவிதை அவரைத் தாண்டி நடந்தது. 1959-இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரி தம் நாடகத்துக்கு அக்கவிதையிலிருந்தே தலைப்பை எடுத்தார். கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி பிராட்வேயில் அரங்கேறிய முதல் நாடகம் அது. வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கத் துணியும் சிகாகோ குடும்பத்தின் கதை. நாடகாசிரியரின் தந்தையே அத்தகைய வீட்டு வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்று 1940-இல் வென்றவர்.

1967 மே 22 அன்று ஹியூஸ் நியூயார்க் மருத்துவமனையில் காலமானார். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் நியூவார்க்கும் டெட்ராய்ட்டும் எரிந்தன. முன்னதில் 26 பேரும் பின்னதில் 43 பேரும் மாண்டனர். காரணம் ஆராய அமைக்கப்பட்ட கெர்னர் ஆணையம், வேலையின்மை, மோசமான குடியிருப்பு, காவல்துறையின் நடத்தை ஆகியவற்றைச் சுட்டி, அவற்றின் வேரில் வெள்ளை இனவெறி இருப்பதை 1968-இல் ஒப்புக்கொண்டது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆணையம் விளக்கியதைப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே 11 வரிகள் எச்சரித்திருந்தன. கனவைப் பற்றிப் பேசி உலகை ஈர்த்த மார்ட்டின் லூதர் கிங்கும், 1967 கிறிஸ்துமஸ் உரையில், கனவுகள் தள்ளிப்போடப்பட்டவர்களுள் தாமும் ஒருவர் என்றார். அடுத்த ஏப்ரலில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஹார்லெமின் ஷாம்பர்க் ஆய்வு மையத்தில், நதிகளைச் சித்திரித்த தரையின் கீழ் ஹியூஸின் அஸ்தி வைக்கப்பட்டுள்ளது. இன்றும் மாணவர்கள் அதைக் கடந்தே படிக்கச் செல்கின்றனர். சட்டங்கள் மாறிவிட்டன, ஆனால் அன்று வாங்க முடியாமற்போன வீடுகளின் மதிப்பு பிறருடைய பேரப்பிள்ளைகளுக்குச் செல்வமாய் வளர்ந்திருக்கிறது. கறுப்பினக் குடும்பங்களுக்கும் வெள்ளையினக் குடும்பங்களுக்கும் இடையே இன்றுள்ள சொத்து இடைவெளியில் அந்தக் காத்திருப்பின் கணக்கும் அடங்கியிருக்கிறது. பொறுத்திருங்கள் என்று சொன்னவர்கள் அந்தக் கணக்கை இன்னும் தீர்க்கவில்லை.